மாடியில் நாலு தலையணை

1

மைசூரில் எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்டு ஒரு இணையதளம் எனக்கு வாரம் தவறாமல் கடிதம் எழுதுகிறது. ஸ்வீடனின் இந்தக் கோதன்பர்க் நகரத்தில் எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் மொத்தம் நாலு பேர்: வரி அலுவலகம், கண் மருத்துவமனை, நூலகம், இந்த இணையதளம். அவற்றில் அக்கறையோடு விசாரிப்பது இது ஒன்றுதான்.

நேற்றும் வந்தது. 'பெரியவர்கள் இருவர், குழந்தைகள் இருவர், அதே விவரங்களுடன் தேடலாமா?' போன டிசம்பர் பயணத்துக்காக என் மகள் கவிதா கொடுத்த விவரங்களை அது மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவது என்பதில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சொல்லாமலே தெரிந்த சங்கதி. நாற்பத்தோரு வருஷம் வெளியே இருந்ததில் எனக்குத்தான் நினைவில்லாமல் போயிற்று.

2

என் அண்ணன் போன ஆவணியில் இறந்தார். மைசூர் அக்ரஹாரத்தில், நாங்கள் இருவரும் வளர்ந்த வீட்டில், தன் அறையில், தூக்கத்தில். நான் அப்போது கண் அறுவை முடிந்து குனியாமல் நிமிராமல் படுத்திருந்தேன். சடங்கை போனில் பார்த்தேன். அண்ணன் முகத்தை மூடப்போகிற நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. இன்று வரைக்கும் எனக்கு அந்த முகம் மூடப்படவில்லை.

நட்சத்திரம் சதயம். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் ஆறு மாதம் வீட்டை அடைத்து வைப்பது எங்கள் வழக்கம். அடைப்பு என்போம். போனவர் திரும்ப வருவார், துணைக்கு ஒருவரைக் கூப்பிடுவார் என்று பயம். வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறெங்காவது போய் இருங்கள் என்று சடங்கு செய்த வாத்தியார் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். "எங்கீங்க போறது?" என்று கேட்டிருக்கிறார் அண்ணி. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அண்ணி பிறந்த ஊரான கௌதள்ளியிலும் இப்போது யாரும் மிச்சமில்லை. அதனால் அண்ணன் அறையை மட்டும் பூட்டி, சாயங்காலம் அதன் நிலைப்படியில் விளக்கு வைத்துவிட்டு, மீதி வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டில் ராத்தங்க யாரும் வரவில்லை.

டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நாலு பேர் போவதென்று முடிவானது. நான், கவிதா, பேரன் ஆதி, பேத்தி மாயா. ஆதிக்குப் பதினேழு, மாயாவுக்குப் பதினாலு. என்னைவிட ஒரு தலை உயரமான பையனை இணையதளம் 'குழந்தை' என்றுதான் எடுத்துக்கொண்டது.

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆதிக்கு வேகமான வைஃபை வேண்டும், தங்கையோடு ஒரே அறையில் படுக்கமாட்டான். மாயாவுக்கு நீச்சல்குளம் வேண்டும். கவிதாவுக்குக் கடைசி நாள் வரை ரத்து செய்யும் வசதி வேண்டும். மைசூரின் கோகுலம் பகுதியில் ஒரு வீடு பார்த்தோம். யோகா படிக்க வரும் வெள்ளைக்காரர்களாகவே நிறைந்திருந்தது. "இவங்களப் பாக்கவா அவ்வளவு தூரம் போறோம்?" என்றாள் மாயா. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. குளியலறைப் படத்தைப் பார்த்ததும் கவிதா அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"அக்ரஹாரத்துல வீடு இருக்கு," என்றேன்.

கவிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரியம்மாகிட்ட முதல்ல பேசுங்கப்பா. அந்த ரூம் வேற பூட்டியிருக்கு. இதுங்க ரெண்டும் பயந்துக்கப்போகுது."

அண்ணிக்கு போன் செய்தேன். முன்பெல்லாம் ஊருக்கு வருகிறோம் என்று சொன்னால் அந்த ஒரே அழைப்பில் மூன்று முறை 'வாங்க' சொல்லிவிடுவார். "வாங்க தம்பி. புள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க. நேரா நம்மூட்டுக்கே வாங்க." நான் எண்ணுவேன். மூன்று.

இந்த முறை, "டிசம்பர்ல வரலாம்னு இருக்கோம் அண்ணி," என்றேன்.

"சரிங்க தம்பி."

"பசங்களும் வர்றாங்க."

"பெருசாயிருப்பாங்க."

காத்திருந்தேன். கம்பியில் காற்று மாதிரி ஒரு சத்தம் மட்டும். "எங்க தங்கறதுன்னுதான் பாத்துக்கிட்டிருக்கோம்."

"புள்ளைங்களுக்கு எது தோதோ அப்படிப் பண்ணுங்க."

ஒரு 'வாங்க' கூட இல்லை. போனை வைத்ததும், "வேண்டாம்கறாங்கப்பா, புரியலையா?" என்றாள் கவிதா. எனக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இயந்திரத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆவிகளுக்கு என்னிடம் அளவுகோல் கிடையாது. ஆனாலும் வளரும் பிள்ளைகளை அந்தப் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் படுக்கவைக்க மனம் துணியவில்லை.

ஹெப்பாள் பக்கம், ரிங் ரோட்டை ஒட்டி, நீச்சல்குளத்தோடு ஒரு ஹோட்டல் முடிவானது. பக்கத்தில் தொழிற்சாலைகளும் பெரிய கணினி நிறுவனமும். அந்த ஊர் எதுவென்றே தெரியாமல் வந்து போகலாம்.

3

ஹோட்டல் வரவேற்பு மேஜையில் நாலு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். வெளிநாட்டவர் என்பதற்கான படிவம். எழுபத்தைந்து வயதில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தான் ஒரு இளைஞன். மரியாதையான பையன்.

"மொதல் சல மைசூரிகா சார்?" என்றான். மைசூருக்கு முதல் தடவையா என்கிறான்.

பிறந்ததே இங்கே தொட்டாஸ்பத்திரி என்கிற பெரியாஸ்பத்திரியில்தான் என்று கன்னடத்தில் சொல்ல வாயெடுத்தேன். வாயில் வந்தது ஸ்வீடிஷ். பையன் பணிவாகச் சிரித்தான். பிள்ளைகள் இருவரும் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

படிவத்தில் இந்திய முகவரி கேட்டிருந்தது. யோசிக்காமல் அக்ரஹாரத்து வீட்டு எண்ணை எழுதினேன். பையன் அதைத் தட்டச்சு செய்துகொண்டே, "மனெ இதெயல்லா சார், மத்தே யாகெ ஹோட்டலு?" என்று சும்மா கேட்டான். வீடு இருக்கிறதே, அப்புறம் ஏன் ஹோட்டல் என்று. அவனிடம் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நான் லிஃப்ட் பக்கம் நடந்தேன்.

இரண்டு அறைகளும் பெரியவை. ஆளுக்கு மூன்று வீதம் மொத்தம் பன்னிரண்டு தலையணைகள். குளத்துத் தண்ணீர் மார்கழிக் குளிரில் விறைத்துக் கிடந்தது. மாயா கால் விரலை நனைத்துவிட்டு வந்துவிட்டாள்.

4

அன்று மாலை நாலு மணி வாக்கில் அண்ணியைப் பார்க்கப் போனோம். அக்ரஹாரத்துத் தெருவில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே டாக்ஸி நகரவே இல்லை. கோயில் மூலையில் இறங்கி நடந்தோம்.

வாசலில் நின்றிருந்தார் அண்ணி. எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார். நாங்கள் உள்ளே போனோம்.

"கோவமா இருக்காங்களா?" என்று மாயா அவள் அம்மாவின் காதில் ஸ்வீடிஷில் கேட்டாள்.

வாசலில் அண்ணனின் செருப்பு இருந்தது. கூடத்தின் வலது பக்கம் அவர் அறை. கதவில் பித்தளைப் பூட்டு, நிலைப்படியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய அகல். காபி வந்தது. விமானத்தில் என்ன கொடுத்தார்கள் என்று அண்ணி கேட்டார், கவிதா சொன்னாள். ஸ்வீடனில் இப்போது எத்தனை மணிக்கு இருட்டும் என்று கேட்டார், மூன்றரைக்கே இருட்டிவிடும் என்று நான் சொன்னேன். "அடக் கடவுளே, அப்புறம் சாயங்காலத்த என்னதாங்க பண்றது?" என்றார்.

மாயா மாடியைப் பார்க்கப் போனவள் படியிலேயே நின்று என்னைக் கூப்பிட்டாள். "மூர்ஃபார்!" அம்மாவின் அப்பாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "இங்க யாராவது வரப்போறாங்களா?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மாடியில் வெயில் சாயும் இடத்தில் மெத்தைகள் விரித்துக் கிடந்தன. கைப்பிடிச் சுவரோரம் தலையணைகள் வரிசையாக. எண்ணினேன். நாலு. நாலுக்கும் புது உறை, கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. இரண்டு உறை பூப்போட்டது. இரண்டில் பலூன் பிடித்த யானைக்குட்டி. எங்கள் பிள்ளைகளை அண்ணி கடைசியாகப் பார்த்தபோது அவர்களுக்கு யானைக்குட்டி வயது.

மறுபடியும் எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினாலும் நாலுதான்.

கீழே வந்து, "அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"என்னன்னுங்க சொல்றது?" அண்ணியின் குரலும் உயர்ந்தது. "துக்க ஊட்டுல இருந்துக்கிட்டு 'வாங்க'ன்னு கூப்புடுவாங்களா? வருசம் திரும்பற வரைக்கும் அந்த வார்த்தைய எப்படிங்க வாயில எடுக்கறது? அதும் அடைப்பு ஊடு. நான் கூப்புட்டு, வந்த புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" கொஞ்சம் நிறுத்தினார். "நீங்களா வந்து படுத்தாப் படுக்கட்டும்னுதான் வெயில்ல போட்டு வெச்சேன். நாலு நாளாப் போடறேன், எடுக்கறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துக்க வீட்டில் வாருங்கள் என்று சொல்லமாட்டார்கள். போகிறவர்களும் போய் வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். அப்பா இறந்தபோது வாசலில் நின்று எத்தனை பேரை நானே வாய் திறக்காமல் உள்ளே விட்டிருக்கிறேன்! அந்த மௌனத்தை போனில் கேட்டபோது, வேண்டாம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது, பூட்டிய அறைக்குள் ஒரு மணி அடித்தது.

கவிதா என் கையைப் பிடித்தாள். ஆதி எழுந்தே விட்டான். கிர்ர், கிர்ர் என்று நிற்காமல் அடித்தது. உள்ளே யாரும் அதை நிறுத்தவில்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றார் அண்ணி கவிதாவிடம். "உங்க பெரியப்பா கடியாரம். குழாயில தண்ணி புடிக்க வெடியால அஞ்சுக்கு வெச்சது. பூட்டறப்ப அத யாரும் நெனைக்கல. இப்ப வெடியாலயும் அடிக்குது, சாயங்காலமும் அடிக்குது." மணி நிற்கும் வரை பொறுத்தார். "முந்தி ஒரு தடவ எழுப்பினாவே மூஞ்சியத் தூக்குவாரு. இப்பப் பாரு, ரெண்டு வேளையும் கூப்புடுது. எந்திரிக்கத்தான் மாட்டேங்கறாரு."

மாயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்று முதல் சிரிப்பு.

ஏன் இரண்டு தடவை என்று ஆதி கேட்டான். முள் வைத்த கடிகாரத்துக்குக் காலையும் மாலையும் ஒன்றுதான், நிறுத்த ஆளில்லாவிட்டால் இரண்டு ஐந்துக்கும் அடிக்கும் என்று விளக்கினேன். அவன் பூட்டைப் பார்த்தான், விளக்குக்குத் திரி போட உட்கார்ந்த அண்ணியைப் பார்த்தான். "தினமும் இவங்க தனியாவா இதைக் கேக்கறாங்க?" என்று ஸ்வீடிஷில் கேட்டான்.

"ஆமா."

அண்ணி பக்கத்தில் போய்க் குந்தினான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அங்கே எதைக் கேட்டாலும் ஸ்வீடிஷில்தான் பதில் வரும். இப்போது, அம்மா கூப்பிடுகிற முறையிலேயே கூப்பிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்தான். "பெரியம்மா. ஹோட்டல் நல்லா இல்ல. ரூம்... சின்ன ரூம். இங்க தூங்கறேன்."

அந்த ஹோட்டல் அறை இந்தக் கூடத்தைவிடப் பெரியது. கவிதாவின் பயத்தை நான் பார்த்தேன். என் பயத்தை அவளும் பார்த்தாள். பிறகு இருவரும் மாடிக்குப் போய் மெத்தைகளைச் சுருட்டினோம்.

அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அரிசி களையப் போய்விட்டார்.

5

ஹெப்பாள் ஹோட்டலில் எங்கள் பெட்டிகள் மட்டும் ஓர் இரவு தங்கின. மறுநாள் அவற்றையும் எடுத்து வந்தோம். வைஃபை இல்லை. ஒரே குளியலறை. கூடத்தில் நாலு மெத்தையை வரிசையாகப் போட்டதும் நடக்க இடமில்லை. கதவோரம் யார் படுப்பது என்று முதல் நாள் சிறு சச்சரவு, நான் படுத்தேன். ஆதியின் கால் மெத்தையைத் தாண்டித் தரையில் கிடந்தது. யானைக்குட்டித் தலையணைக்கு ஆதியும் மாயாவும் ஒன்றும் மறுப்பு சொல்லவில்லை.

வாத்தியார் சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் தூங்காமல் கிடந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் கடிகாரம் டிக் டிக் என்று ஓடுவது கேட்டது. அண்ணன் எழுந்திருக்கும் வரிசை எனக்கு மனப்பாடம். மணி அடிக்கும். கை நீட்டி நிறுத்துவார். ஒரு இருமல். கட்டில் கிறீச்சிடும். பிறகு தாழ்ப்பாள். விடிகாலையில் மணி அடித்து, தானே ஓய்ந்தது. அடுத்தது இருமல் என்று என் உடம்பு காத்திருந்தது.

மூன்றாம் நாள் காலை. மணி அடித்து ஓய்ந்தது. உடனே ஒரு இருமல்.

அடுப்படியிலிருந்து அண்ணி, "வெந்நீ வெச்சாச்சுங்க," என்றார்.

ஆதிதான் இருமினான். தரைக் குளிர் அவன் தொண்டையில் இறங்கியிருந்தது. அண்ணிக்கும் அது அடுத்த நொடியில் தெரிந்திருக்கும்; பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். போனில் உறைந்து நின்ற அந்த முகம் வந்து நின்றது.

ஆதி எழுந்து உட்கார்ந்தான். நெடிய உருவத்தைக் குறுக்கி அடுப்படிக்குள் போனான். டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. "சூடா இருக்கு," என்றான்.

"ஊதிக் குடி சாமி," என்றார் அண்ணி.

அதற்குப் பிறகு அங்கிருந்த ஒவ்வொரு விடிகாலையும் மணி ஓய்ந்ததும் அவன் எழுந்து போய் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தான். கோதன்பர்க்கில் அவனை எட்டு மணிக்கு எழுப்ப மூன்று பேர் வேண்டும்.

ஒரு நாள் அரண்மனை பார்த்துவிட்டு நாங்கள் வீடு திரும்பியதும் என்னிடம் மட்டும், "அதுல பேட்டரி எத்தன நாளைக்குங்க தம்பி இருக்கும்?" என்று கேட்டார் அண்ணி. சத்தம் நின்றால் போதும் என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் கணக்கை மாற்றிக்கொண்டேன். "இல்ல அண்ணி, கதவைத் திறக்கற வரைக்கும் தாராளமா வரும். அதுக்குமேலயும் வரும்."

6

கிளம்புகிற நாள் காலையில் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தேன். பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ளக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது, கையாட்டக் கூடாது. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

"அது மரியாதை இல்லயே," என்றான் ஆதி.

"இங்க அதுதான் மரியாதை."

மாயாவுக்கு முகம் சுருங்கியது. 'போறேன்'னு சொல்லாதே, 'போயிட்டு வரேன்'னு சொல்லு என்று அவள் அம்மா மூன்று வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது. அவளுக்குச் சுத்தமாக வரும் தமிழ் வாக்கியங்களில் அது ஒன்று. அதைச் சொல்லக்கூடாத வீடும் உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பெட்டிகள் வெளியே போயின. அண்ணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தெருவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு. நான் செருப்பை மாட்டினேன். அண்ணன் செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பு இருந்த இடம் காலியானது. வரிசையாக நடந்தோம். கோயில் மூலையில் டாக்ஸி நின்றது. திரும்பிப் பார்க்காமலே காலடிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு ஆள் குறைந்தது.

மாயா திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு நேரே நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பெரியம்மா, போயிட்டு வரேன்!" என்றாள்.

எதிர்வீட்டுக்காரம்மா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். கவிதா 'ஐயோ' என்றாள். அண்ணி தலையை நிமிர்த்திக் குழந்தையைப் பார்த்தார். வாயைச் சேலைத் தலைப்பால் மூடினார். பிறகு தலைப்பை எடுத்தார்.

"வா," என்றார். "வா கண்ணு."

7

அன்றிலிருந்து ஆரம்பித்தது. வெளிநாட்டுக்கு ஒருநாளும் தானாக போன் செய்யாத அண்ணி, எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கூப்பிட்டார். பேச்சு ஒன்றுதான். "பாப்பா நல்லா இருக்குதுங்களா?" நல்லா இருக்கிறாள் என்பேன். "சரிங்க," என்று வைத்துவிடுவார். சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டோமே என்று அங்கே அவர். கேட்டுக்கொண்டு வந்துவிட்டோமே என்று இங்கே நான். மாயா டிராமில் பள்ளிக்குப் போய்த் திரும்பும் வரை ஜன்னலருகில் உட்கார்ந்திருப்பேன். மாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். அண்ணியிடம் சொல்லவில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். அது இறங்கும் வரை காலையும் மாலையும் கூப்பிட்டார்.

அதே மாசியில் அடைப்பு முடிந்து அறையைத் திறந்தார்கள். "மொதல்ல அந்தக் கடியாரத்த நிறுத்தலாம்னுதான் உள்ள போனேன்," என்றார். "கை வரலீங்க தம்பி."

போன வாரம் வருஷத் திதி முடிந்தது. மறுநாள் ஒன்றரை மணிக்கு போன் அடித்தது. பாப்பா நல்லா இருக்கிறாள் என்று எடுத்தவுடனே சொன்னேன். அவர் அதைக் கேட்கக் கூப்பிடவில்லை.

"டிசம்பருக்கு வாங்க தம்பி," என்றார். "புள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க. நேரா நம்மூட்டுக்கே வாங்க."

மூன்று.

நான் பதில் சொல்லும் முன் அவருக்குப் பின்னால் மணி அடிக்கத் தொடங்கியது. அங்கே சாயங்காலம் ஐந்து. அது ஓயும் வரை இருவரும் பேசவில்லை. ஓய்ந்த பிறகும், ஒரு இருமலுக்கு ஆகிற நேரம், பேசாமல் இருந்தோம்.